மிதித்தால் நாடா, ஜீப் வந்தால் பள்ளிக்கூடம்

மற்ற வாத்தியார்கள் எல்லாம் மணி எப்போது அடிக்கும், பிள்ளைகள் எப்போது வீட்டுக்குப் போவார்கள் என்று காத்திருப்பார்கள். எங்கள் தொழிலில் மட்டும்தான் மணியை அடித்துவிட்டுப் பிள்ளைகளைத் தேடி நாமே வீடு வீடாகப் போக வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கு எடுத்தவர்கள், சொட்டு மருந்து ஊற்றியவர்கள், வாக்காளர் பட்டியல் சரிபார்த்தவர்கள் என்று அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் என் வணக்கம். உங்களையும் நாய் துரத்தியிருக்கும். "ஐயா ஊர்ல இல்ல" என்று அந்த ஐயாவே உள்ளேயிருந்து குரல் கொடுத்திருப்பார். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது, கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருடமாக வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த எனக்கு ஆரணியில் ஒரு சிறப்புப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. தறியில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கூட்டிவந்து, விட்டுப்போன பாடங்களை இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்து, ஒரு தேர்வு எழுத வைத்து, அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிட வேண்டும். சொல்வதற்கு இரண்டே வரிதான். எங்கள் ஊர் வந்தவாசி ரோட்டில் இருக்கிறது, மழையை நம்பிப் பிழைக்கும் மானாவாரி ஊர். பட்டுப் புடவையைக் கல்யாண வீட்டில் பார்த்ததோடு சரி. அதை யார் நெய்கிறார்கள், எப்படி உட்கார்ந்து நெய்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

எந்த வயசு வேணும்?

முதல் வேலை, தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் பெயரும் வயதும் எழுதுவது. நான் நுழைந்த மூன்றாவது வீடு ஏகாம்பரத்தின் வீடு. தெருவிலேயே கோர்வை நெய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருந்தார்கள். கோர்வை என்றால், புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு வர வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கக் கரையைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, அவர் மிதியை மிதிக்கும்போதெல்லாம் கரைக்கான இழை சுற்றிய குட்டி நாடாவை இழைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளை. ஏகாம்பரத்தின் வீட்டில் அது தேவகி. இரட்டைச் சடை, ஒரு சடைக்கு மட்டும் ரிப்பன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், மிதிச் சத்தம் கேட்டதும் குனிந்துகொண்டாள்.

"பொண்ணுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டேன். "பதினஞ்சு" என்றார் ஏகாம்பரம் கை நிற்காமல். பதினாலு தாண்டினால் சட்டம் கேட்காது, சரி; ஆனால் பார்த்தால் ஒன்பதுகூடத் தாண்டாது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி கஸ்தூரி, "போன வாரம் பஸ்ல அஞ்சுன்னு சொன்னியே" என்று எடுத்துக்கொடுத்தாள். "அது கண்டக்டருக்குச் சொன்னது" என்றார் இவர். "கல்யாண புரோக்கர் கிட்ட பன்னண்டுன்னியே?" "அது அவன் விளையாட்டுக்குக் கேட்டான்." நான் பேனாவை மூடிவிட்டு, நிஜமான வயதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஏகாம்பரம் அப்போதுதான் நாடாவை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்து, பொறுமையாகச் சொன்னார்:

"எதுக்குக் கேக்கறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க டீச்சர், அதுக்குத் தக்கன வயச சொல்றேன்."

ஜீப்

பள்ளி திறந்து பத்து நாளாகியும் வாடகைக் கூடத்தில் நானும், கரும்பலகையும், பக்கத்து வீட்டுக் கோழியும்தான் இருந்தோம். பதினோராம் நாள் காலை பத்து மணிக்குத் திடீரென்று முப்பது பிள்ளைகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பாயில் உட்கார்ந்தார்கள். தேவகியும் அதில் ஒருத்தி. என் பேச்சுத் திறமை ஒருவழியாக வேலை செய்துவிட்டது என்று நெஞ்சு விம்மியது. அரை மணி நேரத்தில் முப்பது பேரும் வந்த வேகத்திலேயே போய்விட்டார்கள். விசாரித்தால், தறிகளில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரி ஜீப்பில் வந்திருக்கிறார். பிள்ளைகளை எங்கே ஒளிப்பது என்று தெரு யோசித்திருக்கிறது. பரண், பின்கட்டு, கோயில் எல்லாவற்றையும்விடப் பத்திரமான இடம் பள்ளிக்கூடம்தான் என்று முடிவு செய்திருக்கிறது. பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் பிடித்துப்போக முடியும்?

எனக்கு வழி கிடைத்துவிட்டது. அந்த ஜீப்பின் டிரைவர் தஸ்தகீர் பாய், அதிகாரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் டீக்கடைக்கு வருவார். அவருக்கு மூன்று பெண்கள், மூவரும் படிக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும், "இவ்ளோதானே, டீ குடிக்க இந்தத் தெரு வழியா வர்றேன், அதுல இன்னா பேஜார்?" என்றார். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் ஜீப் தெருவில் மெதுவாகப் போகும், என் பள்ளி நிறைந்துவிடும். போகப்போக அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிலர் போகாமல் உட்கார ஆரம்பித்தார்கள். நான் சொல்லும் கதை பாதியில் நிற்கிறதே, எப்படிப் போவது?

ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. ஒருநாள் ஏகாம்பரம் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். உள்ளே தஸ்தகீர் பாயும் ஒரு டீ பிளாஸ்கும்தான். நேராக என் பள்ளிக்கு வந்து வாசலில் நின்றார். சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"ஏமாத்தி இட்டாந்தது தப்பு டீச்சர். ஆனா இன்னா பண்றது, எம்பொண்ணு காலையில எழுந்ததும் 'ஜீப்பு எப்பப்பா வரும், எப்பப்பா வரும்'னு கேட்டுகினு உக்காந்துக்குது."

தட்!

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வகுப்பில் சத்தம் அதிகமானால் காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிப்பேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் என் வாத்தியார் செய்வார், அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

முதல் முறை இந்த வகுப்பில் மிதித்தபோது என்ன நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து 'அம்மா', 'ஆடு' எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் சலசலப்பு. 'தட்' என்று மிதித்தேன். அடுத்த நொடி பத்துப் பதினைந்து வலது கைகள் ஒரே சமயத்தில் அசைந்தன. கையில் இருந்த பல்பம், பென்சில், ரப்பர், ஒரு பாதி முறுக்கு எல்லாம் சர்ரென்று இடது பக்கம் சறுக்கிப் பக்கத்திலிருப்பவர் மடியில் போய் விழுந்தன. இடது ஓரத்தில் இருந்த பையனுக்கு மூன்று பென்சிலும் அந்த முறுக்கும் கிடைத்தன. வலது ஓரத்தில் இருந்த தேவகி வெறுங்கையோடு அடுத்த மிதிக்குக் காத்திருந்தாள். தேவகி எப்போதும் பாயின் வலது ஓரத்தில்தான் உட்காருவாள், வேறு இடத்தில் உட்கார வைத்தால் கைக்கு இடமில்லாதவள் மாதிரி நெளிவாள்.

எனக்குப் பொல்லாத கோபம். எல்லோரும் சேர்ந்து என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். "யார் இதை ஆரம்பித்தது?" என்று சத்தம் போட்டு, இன்னொரு முறை மிதித்தேன். மறுபடியும் சர்ர்ர். இந்த முறை ஒரு பலகையே பறந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, அவர்களும் பயந்துபோய்த் தங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகி எழுந்து நின்றாள். நியாயமாகப் பேசும் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்:

"நீங்க மிதிச்சீங்க டீச்சர், நாங்க போட்டோம்."

வெயில் விடுமுறை

ஐப்பசி வந்தது, கொட்டியது. ஊரில் உள்ள பள்ளிகளுக்கெல்லாம் மழை விடுமுறை. என் பள்ளி மட்டும் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. காரணம் எளிது. மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், ஈரக்காற்றில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டும். தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் பிள்ளை வீட்டில் சும்மா இருந்து அம்மா உயிரை வாங்கும். 'போ, டீச்சர் உயிரை வாங்கு' என்று துரத்திவிடுவார்கள். வெயில் அடித்தால் எட்டுப் பேர், தூறினால் இருபது பேர், அடைமழை என்றால் நாற்பது பேர். நான் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்துப் பாடம் தயாரிப்பவளாகிவிட்டேன்.

விடுமுறை உத்தரவு வந்த அன்று நான் பள்ளியைத் திறந்தே வைத்திருந்தேன். கழித்தல் கணக்கு, கடன் வாங்கிக் கழிப்பது, அப்போதுதான் தேவகிக்குப் பிடிபட ஆரம்பித்திருந்தது. இன்று விட்டால் அடுத்த மழைக்குத்தான் பிடிக்க முடியும். எங்கள் மேற்பார்வையாளர் அந்த மழையிலும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். தொப்பி, மழைக்கோட்டு, கண்ணாடி எல்லாவற்றிலும் தண்ணீர். நல்ல மனிதர், கோபம் மட்டும் சட்டென்று வரும். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். போன வாரம் நல்ல வெயிலில் பக்கம் பக்கமாக 'வரவில்லை', 'வரவில்லை'. இன்று விடுமுறையில் நாற்பத்திரண்டு பேர். பதிவேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஊரே மழைக்கு லீவு விடுது, நீ மட்டும் ஏம்மா வெயிலுக்கு லீவு விடற?"

பச்சை பஸ்

இரண்டாம் வருடம் தேவகி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். கஸ்தூரியின் அம்மா வீடு செய்யாரில். அங்கே ஒரு காதுகுத்துக்கு, கஸ்தூரி முன்னாடியே போய்விட, ஏகாம்பரமும் தேவகியும் பிறகு கிளம்பினார்கள். ஏகாம்பரத்துக்குப் படிக்கத் தெரியாது. செய்யார் பஸ் பச்சை என்பது அவர் கணக்கு. பச்சை பஸ் வந்து நின்றது. தேவகி பலகையைப் படித்து, "அப்பா, இது வந்தவாசி" என்றிருக்கிறாள். "எனக்கு எத்தினி வருசமா தெரியும், ஏறு" என்று ஏற்றிவிட்டார். வழியெல்லாம் அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். வந்தவாசியில் இறங்கி, ஒரு டீ குடித்து, செய்யார் பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் காது குத்தி, விருந்து முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மச்சான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் இதற்கும் நான்தான் பொறுப்பு என்று வந்து நின்றார். "அவதான் சரியாச் சொன்னாளே, நீங்க கேட்டிருக்கலாமே" என்றேன். அதற்கு அவர் கேட்டார்:

"பொண்ணுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தீங்க, சரி. அத அப்பங்காரன் எப்படி நம்பறதுன்னு எனக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க?"

டிசைன்

தேர்வுக்கு நாலு மாதம் இருந்தது. தேவகி அதில் தேறினால் ஜூன் மாதம் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. இந்த ஜூனைத் தவறவிட்டால் அடுத்த ஜூனுக்குள் அவள் பெரியவளாகிவிடுவாள், அப்புறம் எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டார்கள் என்று கஸ்தூரியே என்னிடம் சொன்னாள். எனக்குத் தூக்கம் போனது. ஆனால் கல்யாண சீசன் தொடங்கிவிட்டதால் அவள் வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தாள்.

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் தெருக் கூட்டம் போட்டோம். மேற்பார்வையாளர் பேசினார், கவுன்சிலர் பேசினார், தெருவுக்குப் பாவு நூலும் பட்டும் கொடுக்கும் கடை முதலாளியே வந்து பேசினார். "பள்ளி நேரத்தில் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைக்க மாட்டோம், கரையைப் பெரியவர்களே போடுவோம்" என்று தீர்மானம். ஒரு கைகூடக் கீழே இல்லை. என்ன இவ்வளவு ஒற்றுமை என்று பூரித்துப்போனேன். ஒவ்வொருவரும் அது பக்கத்து வீட்டுக்கான தீர்மானம் என்று நினைத்துக் கை தூக்கியது மறுநாள்தான் தெரிந்தது. ஆனால் தூக்கிய கையைத் தூக்கவில்லை என்று சொல்ல முடியாதே. நான் வீடு வீடாகப் போய் அந்தக் கையை ஞாபகப்படுத்தினேன். ஏகாம்பரம் முனகிக்கொண்டே கஸ்தூரியைக் கரைப் பக்கம் உட்கார வைத்தார். தேவகி வாரம் ஆறு நாளும் வந்தாள்.

நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்று நடந்தது. ஏகாம்பரத்துக்கும் கஸ்தூரிக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அவர் தறியில், இவள் அடுப்படியில். சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதே இல்லை. இப்போது தினமும் ஆறு மணி நேரம், தோளோடு தோள். பதினான்கு வருடத்துப் பாக்கியையும் பேசித் தீர்த்தார்கள். கோபத்தில் அவர் ஒரு மிதி கூடுதலாக மிதிப்பார், இவள் வேண்டுமென்றே ஒரு நாடா தாமதமாகத் தள்ளுவாள். கோர்வை அப்படியே சாட்சி சொல்லும். புடவையைக் கடைக்குக் கொண்டுபோனபோது முதலாளி வெளிச்சத்தில் விரித்து, கரை ஓரத்தில் பல் பல்லாக இளித்துக்கொண்டிருந்த ஒரு சாண் இடத்தைத் தடவிப் பார்த்து, "புதுசா இருக்குதே, இது எந்த ஊர் டிசைன் ஏகாம்பரம்?" என்று கேட்டாராம்.

"டிசைன் இல்லீங்க மொதலாளி, அது எங்க மச்சான் ஊட்டுக்கு வந்துட்டுப் போன அன்னிக்கு நெய்ஞ்சது."

முதல் நாள்

தேர்வு ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய், தறியில் சண்டை முற்றி, கஸ்தூரி நாடாவை அப்படியே போட்டுவிட்டுச் செய்யாருக்கு பஸ் ஏறிவிட்டாள். புதன், வியாழன் தேவகி பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். பழைய இடத்தில் பழையபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள், மத்தியானம் வரைக்கும்" என்றேன். "ஞாயித்துக்கெழம முகூர்த்தப் புடவை குடுக்கணும், இன்னும் ஒரு முழம் பாக்கி" என்றார் ஏகாம்பரம். "கரை போட ஆள் குடுங்க, பொண்ணை இட்டுக்கினு போங்க." வயிற்றெரிச்சலில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் உட்கார்றேன்."

சனிக்கிழமை காலை மேற்பார்வையாளர் தேவகியைத் தேர்வுக்கு அழைத்துப்போனார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன். ஜன்னலில் தெருப் பெண்கள் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். வேலை பார்ப்பதற்கு ஒன்றுமில்லை மாதிரிதான் இருக்கும்: மிதித்தால் தள்ள வேண்டும், கோத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும், மறுபடி மிதித்தால் தள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் முதுகு விண்விண்ணென்றது. அரை மணி நேரத்தில் கண் பூத்துப்போய் அரக்கும் பச்சையும் ஒரே நிறமாகத் தெரிந்தன. எத்தனை தப்பு விட்டேன் என்று எனக்கே தெரியாது. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லீங்க டீச்சர்... பாத்துப் போடுங்க டீச்சர்... ஜல்தியா போடுங்க டீச்சர்..." என்று ஒவ்வொரு தடவையும் ஒரு 'டீச்சரை'ச் சேர்த்து மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை மும்முரத்தில் அவர் நான் யார் என்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். இரண்டு இழையை ஒன்றாக விட்டேன். மடக்கிய விரல் முட்டியால் என் உச்சந்தலையில் 'ணங்'கென்று ஒரு குட்டு விழுந்தது.

ஏகாம்பரத்தின் கை அந்தரத்திலேயே நின்றது. முகம் வெளிறிப்போய், "ஐயோ, கை... கைப் பழக்கங்க... தெரியாம..." என்று உளறினார். கைப் பழக்கம். அந்த இடத்தில் உட்காருகிற தலைமேல் விழுந்து விழுந்து அந்தக் கைக்கு வந்த பழக்கம். ஐந்தாம் வாய்ப்பாடு இந்த மண்டையில் ஏன் ஏற மாட்டேன் என்கிறது என்று நானும்தான் தேவகியை எத்தனை முறை திட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்போது பார்த்து வாசலில் கஸ்தூரி. அம்மா வீட்டிலிருந்து நேராகத் தேர்வு நடந்த பள்ளிக்குப் போய், மகள் எழுதி முடிக்கும்வரை வாசலில் காத்திருந்து, கையோடு கூட்டிவந்திருக்கிறாள். நடந்தது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன், அவர் கை இன்னும் இறங்கவில்லை. தேவகி உள்ளே வந்தாள். என் பக்கத்தில் குந்தி, பழகியவள் கையால் சரியாக வலிக்கும் இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அழாதீங்க டீச்சர். மொத நாளுதான் வலிக்கும், அப்பால பழகிடும்."

இருவர் வேலை

அதைக் கேட்ட ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து ஏறி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். மிச்சப் புடவையை அன்று சாயங்காலம் கஸ்தூரி கரை போட முடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மிச்சத்தில் ஒரு பிசிறு இல்லையாம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம், சண்டை போடக்கூட.

தேவகி தேறிவிட்டாள். கணக்கில் கரை ஒட்டிய மதிப்பெண்தான், ஆனாலும் தேறிவிட்டாள். ஜூன் முதல் வாரம் சேர்க்கைப் படிவத்தில் கைநாட்டு வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது எனக்கு முன்னால் கடை முதலாளி வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய இடத்துக் கல்யாணம், கோர்வைப் புடவை கேட்கிறார்கள், ஏகாம்பரம்தான் நெய்ய வேண்டும் என்று பிடிவாதம். ஏகாம்பரத்தின் தறியைப் பார்த்தேன். உடம்பும் கரையும் ஒரே நிறத்தில் பாவு ஏறியிருந்தது. கோர்வையே இல்லாத புடவை. பக்கத்தில் ஆள் வேண்டாம், ஒருவரே நெய்துவிடலாம். கூலியும் குறைவு, பேரும் குறைவு. நேற்று தறி பழகியவன் நெய்வதை இவர் நெய்துகொண்டிருந்தார். வலது பக்கம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு புதுப் பள்ளிப் பையும், மடித்து வைத்த நீலப் பாவாடையும் இருந்தன. அதைப் பார்த்ததும் படிவத்தை எடுக்கிற சாக்கில் குனிந்து என் பையைத் துழாவினேன்.

"கோர்வையில உன்ன அடிச்சிக்க இந்த ஊர்ல ஆள் கெடையாது. போயும் போயும் இத நெய்யறியே, வெக்கமா இல்ல?" என்றார் முதலாளி. அடுப்படியிலிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். ஏகாம்பரம் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னார்:

"வெக்கமாதான் இருக்குதுங்க மொதலாளி. ஆனா கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும். பொண்ணு ஆறாவது போறா. பொண்டாட்டிய பக்கத்துல உக்கார வெச்சா ஊடு தங்காது, டீச்சர உக்கார வெச்சா பொடவை தங்காது."

பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்ப என்னதான் வழி என்று இன்றும் கூட்டங்களில் யாராவது எழுந்து கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: கேட்கிறவர் போய் ஒரு நாள் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், மிச்சத்தை அவர் மண்டையே அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்.